ஈசண்ணனுக்குப் போட்ட வாழ்த்து

1

எங்கள் கட்டடத்தின் நிலவறையில் ஒரு பம்ப் இருக்கிறது. ஆறு குடித்தனங்களுக்கும் சூடான தண்ணீரைக் குழாய்களில் சுற்றிவிட்டு வீட்டைக் கதகதப்பாக வைத்திருப்பது அதன் வேலை. போன குளிர்காலத்தில் இரண்டு வாரம் அதற்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. பகலில் ஒன்றும் தெரியாது. இரவு எல்லோரும் அடங்கியபின் எங்கள் படுக்கையறைச் சுவருக்குள் ஓடும் குழாயில் ஒரு முனகல் ஆரம்பிக்கும். விடியும்வரை நிற்காது.

ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி, கிராமம் என்றும் சொல்ல முடியாத, பட்டணம் என்றும் சொல்ல முடியாத ஓரிடத்தில் பதின்மூன்று வருடமாக இருக்கிறோம். இங்கே என் பிழைப்பே பம்ப்தான். தொழிற்சாலைகளுக்குப் போய்ப் பழுதான பம்புகளைச் சரிசெய்து கொடுக்கிறேன். அதற்கு முன் கோயமுத்தூர் கணபதியில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் ஒன்பது வருடம். ஆகவே சுவருக்குள் முனகுவது எது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேரிங் போய்விட்டது. மாற்றுவது கொஞ்ச நேர வேலை. ஆனால் நான் தொடக் கூடாது. பம்ப் இருக்கும் அறைக்கு ஒரு பூட்டு. பூட்டுக்கு மேலே ஓர் அறிவிப்பு. புகார் இருந்தால் இணையத்தில் படிவம் நிரப்ப வேண்டும்.

படிவத்தில், சத்தம் எப்படிப்பட்டது என்று ஒரு கேள்வி. விசில், தட்டல், உறுமல், மற்றவை. முனகலுக்கு ஜெர்மனில் என்ன என்று என் மகள் யாழினியைக் கேட்டேன். பதினாலு வயது. போனிலிருந்து தலையைத் தூக்காமல் ஒரு வார்த்தை சொன்னாள். எழுதி அனுப்பினேன். நான்காம் நாள் நிர்வாகத்திடமிருந்து பதில் வந்தது: பக்கத்துக் குடித்தனத்தில் யாரேனும் அழுவது எங்கள் பொறுப்பில் வராது, அவசரம் என்று தோன்றினால் காவல்துறையை அழைக்கவும். யாழினி சொன்ன வார்த்தை மனிதர்கள் விசும்புவதற்கு மட்டும் உரியதாம். "நீ மிஷின்னு சொல்லவே இல்லையே" என்றாள். என்னை நீ என்றுதான் சொல்வாள். அவளோடு தமிழில் சண்டை போட்டால் நான் பாதியில் நிற்பேன், ஜெர்மனில் போட்டால் அவள் சிரிப்பாள். அதனால் சண்டையே போடுவதில்லை.

என் மனைவி கவிதா முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். அந்த வாரம் அவளுக்கு இரவுப் பணி. வியாழக்கிழமை ராத்திரி ஒன்றரை மணிவரை புரண்டு புரண்டு படுத்துப் பார்த்தேன். பிறகு எழுந்து ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினேன். அங்கே எங்களுக்கென்று ஒரு கம்பித் தடுப்பு அறை உண்டு, பழைய சைக்கிளும் பெட்டிகளும் போட்டுவைக்க. அதற்குள்ளும் அந்தக் குழாய் ஓடுகிறது. திருப்புளியின் முனையைக் குழாயில் ஊன்றி, பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக்கொண்டு நின்றேன். இப்படிச் செய்தால் உள்ளே நடப்பது தெளிவாகக் கேட்கும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்த மனுசனிடம் நான் மூன்று வருடமாகப் பேசவில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. நான் ஒரு தப்புச் செய்தேன், மன்னிப்புக் கேட்கத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். காலில் செருப்பில்லாமல், அந்தக் குளிர்ந்த சிமெண்டுத் தரையில் நின்றபோது, இன்றைக்குக் கேட்காவிட்டால் இனிக் கேட்கவே போவதில்லை என்று பட்டது. கோயமுத்தூரில் அப்போது காலை ஆறு மணி தாண்டியிருந்தது. அவர் ஐந்துக்கே எழுந்துவிடுவார்.

2

ஈஸ்வரமூர்த்தி என்று முழுப் பெயர். கம்பெனியில் எல்லோருக்கும் ஈசண்ணன். செய்து முடித்த பம்பைத் தண்ணீர்த் தொட்டியில் ஓட்டிப் பார்த்து, தேறியதா இல்லையா என்று எழுதும் இடத்தை டெஸ்ட் பெட் என்போம். அதற்கு அவர்தான் பொறுப்பு. என்னைவிடப் பதினேழு பதினெட்டு வயது பெரியவர்.

அவர் உடுமலைப்பேட்டைப் பக்கம், தென்னந்தோப்புக் குடும்பம். பங்கு பிரித்தபோது கிணறு வற்றிய பக்கம் அவருக்கு வந்தது, அதனால் ஐடிஐ படித்துவிட்டுக் கோயமுத்தூருக்கு வந்தார். நான் கொடுமுடிப் பக்கம். எங்கள் ஆட்கள் அடுத்தவர் காட்டில் கரும்பு வெட்டியவர்கள், அவர் ஆட்கள் காடு வைத்திருந்தவர்கள். எங்கள் ஜில்லாக்களில் ஊர்ப் பெயரைச் சொன்னதும் அடுத்த கேள்வி எந்தத் தெரு என்பதுதான். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்பார்கள், ஆனால் கேட்காமல் விடமாட்டார்கள். ஈசண்ணன் கேட்கவில்லை. "கொடுமுடிங்களா, ஆத்துல தண்ணி போகுதுங்களா?" என்றார். மறுநாளிலிருந்து வாடா போடா.

சேர்ந்து நாலைந்து மாதம் இருக்கும். லாரி நிற்கிறது, சீக்கிரம் சீக்கிரம் என்று அனுப்புகிற பிரிவில் கத்தினார்கள். ஒரு நீர்மூழ்கிப் பம்பில் சத்தம் கொஞ்சம் சரியில்லை என்று தோன்றியும் தேறியது என்று எழுதிவிட்டேன். பத்தாம் நாள் அது உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே ஒரு விவசாயியின் ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் நின்றுபோயிற்று. கம்பெனியிலிருந்து ஆள் அனுப்பியிருக்கலாம். ஈசண்ணன் அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதிகாலை என்னைக் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனார்.

அந்த விவசாயி கடுகடுவென்று நின்றுகொண்டிருந்தார். பயிர் வாடிக்கிடந்தது. ஈசண்ணன் செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டார். "ஏனுங்க, தப்பு எங்களுதுங்க. பம்ப பாத்து உட்டது நாங்கதானுங்க. உங்க மேலயோ கரண்டு மேலயோ பழியப் போட வரலீங்க" என்றார். அந்த ஆளுக்கு அதற்கு மேல் கோபப்படத் தெரியவில்லை. மோர் கொண்டுவரச் சொன்னார். அப்புறம் ஈசண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"தேறுச்சுன்னு எழுதுனது உன்ற கையிதானடா? அந்தக் கையிலயே தூக்கு."

ஒவ்வொரு குழாயாகக் கழற்றிக் கழற்றிப் பம்பை மேலே கொண்டுவரச் சாயங்காலமாகிவிட்டது. அவரும் கூடவே தூக்கினார். உள்ளங்கை உரிந்துபோயிற்று. திரும்பும்போது பஸ்ஸில், "தப்புப் பண்ணாத ஆளு எவனுமில்ல சாமி. பண்ணுனா அன்னைக்கே போயி மொகத்தப் பாத்துச் சொல்லிப்போடோணும். நாள் போச்சுன்னா அது வேற ஒண்ணா ஆகிப்போயிரும்" என்றார். நான் தூங்கி விழுந்துகொண்டிருந்தேன். பாதிதான் காதில் விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று ராத்திரி அவர் வீட்டில்தான் சாப்பிட்டேன். அவர் மனைவி சரசக்கா இரண்டு பேருக்கும் ஒன்றாகத் தட்டு வைத்தார். சாப்பிட்டதும் என் தட்டை நானே எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். எங்கள் பக்கம் பெரிய வீடுகளில் எங்களவர்கள் சாப்பிட்டால் அப்படித்தான், யாரும் சொல்லாமலே செய்வோம். சரசக்கா பின்னாலேயே வந்து தட்டைப் பிடுங்கினார். "இந்த வேலையெல்லாம் இங்க வேண்டாந் தம்பி. உங்கண்ணன் கழுவாத தட்ட நீ எதுக்குக் கழுவற?" எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. ஒருத்தர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

3

எட்டு வருடத்துக்கு முன் அப்பா தவறிப்போனார். என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்த நேரம். அவசரமாகப் பயணம் போக ஒரு தாள் தருவார்கள் என்று கேள்விப்பட்டு இந்தியத் துணைத் தூதரகத்துக்கு ஓடினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். இறப்புச் சான்றிதழ் கொண்டுவாருங்கள், உடனே செய்துவிடலாம் என்றார். அப்பாவை எரித்து முடித்தபிறகு பதிவு செய்தால்தான் ஊரில் அந்தச் சான்றிதழே கிடைக்கும். எரிப்பதற்குப் போவதற்காகத்தான் நான் அந்தத் தாளைக் கேட்கிறேன். இதை என் அரைகுறை இங்கிலீஷில் விளக்கினேன். விளக்கிக்கொண்டிருக்கும்போது அழுதுவிட்டேன். அவர் ஒரு தம்ளரில் தண்ணீர் கொடுத்தார்.

ஈசண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நீ அங்கியே இரு. நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார். அவரும் சரசக்காவும் காந்திபுரத்தில் பஸ் ஏறி, ஈரோடு போய், அங்கிருந்து கொடுமுடி போய்ச் சேர்ந்தார்கள். எங்கள் தெருவில் இழவு விழுந்தால் அவருடைய ஆட்கள் தெருமுனையில் நின்று விசாரித்துவிட்டுத் திரும்பிவிடுவதுதான் வழக்கம். அதையே பெரிய மனது என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம். இவர்கள் உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார்கள்.

கொள்ளி வைத்தது என் சித்தப்பா மகன். நான் எல்லாவற்றையும் பார்த்தேன். ஈசண்ணன் ஒரு கையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி வீட்டிலிருந்து சுடுகாடுவரை நடந்தார். இடையில் தோள் கொடுத்தபோது மட்டும் போனைச் சரசக்கா வாங்கிக்கொண்டார். கை வலித்திருக்கும். படம் ஆடிக்கொண்டே இருந்தது, ஆனால் ஒரு நிமிடமும் கீழே இறங்கவில்லை. ஆறு வயது யாழினி என் மடியில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். தாத்தா எழுந்தால் சுடுமே என்று ஜெர்மனில் கேட்டாள். மறுநாள் எலும்பு பொறுக்கி, காவேரியில் இடுப்புவரை இறங்கிக் கரைத்ததும் ஈசண்ணன் கூட நின்றுதான்.

"உங்கப்பாரு மொகம் நல்லாத்தேன் இருந்துச்சு தம்பி, தூங்கறாப்புல" என்று சரசக்கா போனில் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் அந்த வருடத்தை நான் ஓட்டினேன். அந்தச் சாவுக்குப் போய் உட்கார்ந்ததற்காக உடுமலைப்பேட்டையில் அவருடைய பெரியப்பா வீட்டார் ஒரு கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிடவில்லை என்று பின்னால் வேறொருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஈசண்ணன் என்னிடம் அதைச் சொன்னதே இல்லை.

4

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

பழைய டெஸ்ட் பெட் ஆட்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. காலை வணக்கம், பூப்படம், கோயில் படம், எப்போதாவது யார் வீட்டிலாவது விசேஷம். ஊரில் இப்போது எதற்கும் ஃப்ளெக்ஸ் அடிக்கிறார்கள், உங்களுக்குத் தெரியாததில்லை. காதுகுத்துக்கும் அதே கடை, மணிவிழாவுக்கும் அதே கடை, கண்ணீர் அஞ்சலிக்கும் அதே கடை. ஓரத்தில் அதே பூ வேலைப்பாடு, நடுவில் ஆல்பத்திலிருந்து எடுத்த ஒரு நல்ல போட்டோ. அந்த ஃப்ளெக்ஸை யாராவது போட்டோ எடுத்துக் குழுவில் போடுவார்கள். ஒரு வார்த்தை எழுதமாட்டார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் காலை, வேலைக்கு உடை மாற்றும் அறையில் போனைப் பார்த்தேன். ஈசண்ணனும் சரசக்காவும் சிரித்துக்கொண்டிருக்கும் படம். அவர்கள் மகள் கல்யாணத்தில் எடுத்தது. அதற்கு முந்தைய மாதம்தான் இன்னொரு நண்பரின் மணிவிழா ஃப்ளெக்ஸ் இதே போல வந்திருந்தது. ஈசண்ணனுக்கும் அறுபது ஆகப்போகிறது என்று எனக்கு நினைவிருந்தது. நினைவிருந்ததில் எனக்கு ஒரு பெருமை வேறு. படத்தைத் தொட்டுப் பெரிதாக்கவில்லை. கீழே இருந்த எழுத்து திரையில் வெட்டுப்பட்டிருந்தது. ஒரு கையில் கையுறை, மறு கையால் வேக வேகமாக அடித்தேன்.

"மணிவிழா வாழ்த்துகள் அண்ணா! அக்காவும் நீங்களும் இதே மாதிரி எப்பவும் சிரிச்சுட்டே இருக்கோணும். விருந்து பாக்கி!"

கூடவே மூன்று லட்டு.

சாயங்காலம் ரயிலில் உட்கார்ந்து மறுபடி திறந்தேன். எனக்குக் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். ஆழ்ந்த இரங்கல். ஆழ்ந்த இரங்கல். மேலே போய்ப் படத்தைப் பெரிதாக்கினேன். சரசக்காவின் பெயருக்கு முன்னால் அமரர் என்று இருந்தது. மாரடைப்பு என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அந்தக் குழுவில் முப்பது பேர். ஒருத்தராவது, "ஏன்டா, கண்ணு அவிஞ்சுபோச்சா உனக்கு?" என்று கேட்டிருக்கலாம். எங்கள் ஊர்க்காரர்கள் கேட்கமாட்டார்கள். நடுவழியில் கிடக்கிற முள்ளைப் போல என் லட்டுகளைச் சுற்றிக்கொண்டு போயிருந்தார்கள். நான் அந்தச் செய்தியை அழித்தேன். இந்தச் செய்தியை நீக்கிவிட்டீர்கள் என்று ஒரு வரி அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

உடனே கூப்பிட்டிருக்க வேண்டும். ரயிலிலிருந்தே கூப்பிட்டிருக்க வேண்டும். நாளைக்கு என்று நினைத்தேன். நாளைக்கு எடுப்பு, கூட்டமாக இருக்கும். அப்புறம் மூன்றாம் நாள் சடங்கு. பதினாறு முடியட்டும். பதினாறு முடிந்ததும், இத்தனை நாள் ஏன் கூப்பிடவில்லை என்பதற்கும் சேர்த்து ஒரு காரணம் தேவைப்பட்டது. என்னிடம் காரணம் இல்லை. என் அப்பாவின் சாவில் கை கடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்த மனுசனுக்கு, அவர் பெண்டாட்டி செத்த அன்று நான் விருந்து பாக்கி என்று எழுதினேன். இதை எந்த வாயால் சொல்வது? ஒரு மாதம் ஒரு வருடமாயிற்று, ஒரு வருடம் மூன்றாயிற்று.

5

நிலவறையில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. படிக்கட்டுக்கு வந்து உட்கார்ந்து கூப்பிட்டேன். நாலாவது மணியில் எடுத்தார்.

"அலோ, யாருங்க?"

"அண்ணா, தனபாலுங்க. ஜெர்மனியில இருந்து."

பின்னால் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அது நின்றது.

"சொல்லுங்க தனபால். நல்லா இருக்கறீங்களா? ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?"

அந்த முதல் நாளுக்கப்புறம் என்னை அவர் இப்படி வாங்க போங்க என்று கூப்பிட்டதே இல்லை. சொல்ல வந்ததை விட்டுவிட்டு, "ஒரு பம்ப் சத்தம் போடுதுங்கண்ணா, தூக்கமே வரலீங்க" என்றேன்.

"அப்பிடீங்களா? ஓட ஓடச் சத்தம் கூடுதுங்களா, ஒரே மாதிரி இருக்குதுங்களா?"

"ஒரே மாதிரிதானுங்க. திருப்புளிய வெச்சுக் கேட்டேன்."

"நிறுத்திப்போட்டு மறுக்கா ஓட்டுனா மொத ரெண்டு நிமிசம் சும்மா இருக்குமே?"

"நிறுத்தறதுக்கு எனக்கு அனுமதி இல்லீங்கண்ணா."

"ஓ" என்றார். "பின்னால இருக்கற பேரிங்காத்தேன் இருக்குமுங்க. தண்ணி பூந்திருக்கும். நொம்ப நாளைக்குத் தாங்காதுங்க. சம்பந்தப்பட்டவங்ககிட்டச் சொல்லிப்போடுங்க."

அவ்வளவுதான், பம்பைப் பற்றிப் பேச வேறொன்றும் மிச்சமில்லை. பிறகு நான் ஆரம்பித்தேன். கோர்வையாக வரவில்லை. அக்கா விசயத்தில் தப்புப் பண்ணிப்போட்டேன் என்றேன், குழுவில் போட்டது என்றேன், எழுத்தைப் பார்க்கவில்லை என்றேன்.

"அதுங்களா" என்றார் ஈசண்ணன். "பாத்தமுங்க. போனு அன்னைக்கு என்ற பொண்ணு கையில இருந்துச்சு. அவதேன் பாத்துட்டு அழுதா. நாஞ் சொன்னேன், அவன் வேலையில இருந்திருப்பான் கண்ணு, படத்தப் பாத்திருப்பான், எழுத்தப் பாத்திருக்கமாட்டான். தெரிஞ்சதும் அடிச்சுப் புடிச்சுட்டுக் கூப்புடுவான் பாருன்னு சொன்னேன்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"தப்பாப் போட்டதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. யாருக்கும் வர்றதுதேன். நீங்க கூப்புடுவீங்கன்னு பாத்துட்டு இருந்தேன். உங்களுக்கு ராத்திரி, எங்களுக்குப் பகலு, எந்நேரத்துல அடிப்பீங்களோன்னு பதனாறு நாளும் போன அமத்தாமத் தலைமாட்டுலயே வெச்சிருந்தனுங்க."

"அண்ணா" என்றேன்.

"போகுது உடுங்க. பாப்பா நல்லா வளந்திருச்சுங்களே. உங்க தோளுக்குமேல இருக்குது. காந்திபுரத்துல பாத்தனுங்க."

இதை இங்கே எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இரண்டு வருடத்துக்கு முன் ஊருக்குப் போயிருந்தோம். யாழினிக்குச் சுடிதார் எடுக்கக் காந்திபுரம் போனோம், நானும் அவளும் மட்டும். டவுன் பஸ் நிற்குமிடத்தில் ஈசண்ணன் தனியாக நின்றுகொண்டிருந்தார். இளைத்துப்போயிருந்தார். சரசக்கா இருந்தவரை இஸ்திரி போடாத சட்டையில் அவரை நான் பார்த்ததில்லை. அன்று கசங்கிய சட்டை. சாலையைக் கடந்தால் ஐம்பது அடி. காலைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கலாம். நான் யாழினியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கத்துத் துணிக்கடைக்குள் நுழைந்தேன். வேட்டிக் கடை. என்ன வேணுமுங்க என்று கேட்டார்கள். சும்மா எடுத்துப் போடச் சொன்னேன். ஏன் ஒளிகிறோம் என்று யாழினி ஜெர்மனில், கடை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டாள். வாயை மூடு என்றேன். அவளை நான் அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான். முக்கால் மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். அவர் இல்லை. பஸ் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, எனக்கு வேண்டாத இரண்டு வேட்டிகளோடு வெளியே வந்தேன்.

"பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"பாத்தனுங்க. நீங்க கடைக்குள்ள போனீங்க. சரி, நாம இங்கியே நின்னா வெளிய வரச் சங்கடப்படுவீங்கன்னு, அப்பிடியே நடந்து போயி அடுத்த ஸ்டாப்புல ஏறிட்டனுங்க. புள்ளயக் கூட்டிட்டு எந்நேரம் உள்ளயே நிப்பீங்க?"

"அண்ணா, என்னையத் திட்டுங்க. வாய்க்கு வந்தபடி திட்டுங்கண்ணா."

"அட, என்னுங்க நீங்க. திட்டறதுக்கு என்ன இருக்குதுங்க. அவங்கவங்க பாடு அவங்கவங்களுக்கு." குரலில் ஒரு சிறு கோபம்கூட இல்லை. நான் தேடினேன், தேடித் தேடிக் கேட்டேன். இல்லை.

"மே மாசம் வர்றமுங்க. நான் வந்து உங்களப் பாக்கோணும்."

"வாங்க வாங்க. தாராளமா வாங்க." குழாயில் மறுபடி தண்ணீர் விழ ஆரம்பித்தது. "வர்றதுக்கு மிந்தி ஒரு போன் மட்டும் பண்ணீட்டு வாங்க."

வைத்துவிட்டார்.

6

விடியற்காலம் கவிதா வந்தபோது நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். யாரோடாவது பேசினாயா, கண் வீங்கியிருக்கிறதே என்றாள். ஈசண்ணன் மன்னித்துவிட்டார் என்றேன். அவளுக்குச் சந்தோஷம். நல்லவேளை, இத்தனை நாள் மனசைப் போட்டு அரித்துக்கொண்டிருந்தாய் என்றாள். வாரக் கடைசியில் அவளே உட்கார்ந்து மே மாதத்துக்கு டிக்கெட் போட்டாள். பம்பை மாற்ற ஆள் வந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். இப்போது சுவர் அமைதியாக இருக்கிறது. எனக்குத் தூக்கம் வருவதில்லை.

கணபதியில் அந்த வீட்டுக்கு நான் ஒருநாளும் சொல்லிவிட்டுப் போனது கிடையாது. ஞாயிறு ஊருக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினால் மணி நாலரை. ரூமுக்குப் போகமாட்டேன். அவர்கள் வீட்டுக் கதவைத் தள்ளுவேன். எனக்காகத் தாழ் போடாமல் வைத்திருப்பார்கள். கூடத்துத் தரையில் விழுந்து தூங்குவேன். சரசக்கா என்னைத் தாண்டிப் போய் அடுப்புப் பற்றவைப்பார். "ஏங்க, தனபாலு வந்துட்டான், இன்னொரு டம்ளர் பால் சேத்தி வாங்கிட்டு வாங்க" என்று உள்ளே குரல் கொடுப்பார்.

போன் பண்ணிவிட்டு வாங்க என்று ஈசண்ணன் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவருக்குக் குத்திக்காட்டத் தெரியாது. விருந்தாளிக்குச் சொல்ல வேண்டியதை எனக்குச் சொன்னார், அவ்வளவுதான். மே மாதத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. தினமும் போனை எடுக்கிறேன், அவர் பெயர்வரை போகிறேன், வைத்துவிடுகிறேன். வருகிறேன், இருப்பீர்களா என்று அந்த வீட்டைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இந்த முறையும் நான் கூப்பிடப்போவதில்லை என்று பயமாக இருக்கிறது. ஈசண்ணன் இந்த முறை போனைத் தலைமாட்டில் வைத்திருக்கமாட்டார்.